சாளையில் ஒரு சோதனை ராக் ஆல்பம்: இடம் பிடிப்பதிலிருந்து வெளியீடு வரை

பழகிய பாட்டு வடிவத்தை விட்டு விலகிப் புதிய ஒலிகளைத் தேடும் சோதனை ராக் இசையில், இன்று ஒரு சிறு கூட்டம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஆல்பங்களில் பல, முறையான ஸ்டுடியோக்களில் பிறந்தவை அல்ல. 1971-இல் வெளியான ‘டாகோ மாகோ’ ஆல்பத்தை ஜெர்மனியின் கேன் குழு கொலோன் நகருக்கு அருகிலுள்ள நோர்வெனிஷ் என்ற ஊரின் பழைய மாளிகையில் பதிவு செய்தது. அதே காலத்தில் அந்நாட்டின் ஃபாவுஸ்ட் குழு, வ்யூம்மெ என்ற சிற்றூரின் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைத் தங்குமிடமாகவும் ஒலிப்பதிவுக் கூடமாகவும் மாற்றிக்கொண்டது. லண்டனின் திஸ் ஹீட் குழுவுக்கு பிரிக்ஸ்டன் பகுதியில் இறைச்சி வைக்கப் பயன்பட்ட கைவிடப்பட்ட குளிர்பதன அறை கிடைத்தது. 1976-இல் பதிவைத் தொடங்கிய அவர்களுடைய முதல் ஆல்பம் 1979-இல்தான் வெளிவந்தது. இந்த மூன்று குழுக்களுக்கும் பொதுவாக இருந்த வசதி ஒன்றுதான்: இடம் அவர்கள் கையில் இருந்தது, வாடகைக் கடிகாரம் தலைக்கு மேல் ஓடவில்லை, ஆகவே நாள் முழுக்க டேப்பை ஓடவிட்டுவிட்டு வேண்டியதை மட்டும் பிறகு வெட்டி எடுக்க முடிந்தது.

கொங்கு நாட்டில் அப்படியொரு இடத்துக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூரில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, மூன்று மணி நேரத்துக்குள் நான்கு பாட்டை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இத்தகைய ஆல்பத்தை எடுக்க முயல்வதைவிட, தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) ஒன்றிலோ ஓட்டம் நின்றுபோன தறிக்குடோன் ஒன்றிலோ எடுப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இவ்வகை ஆல்பத்தின் வடிவம் பெரும்பாலும் வெட்டும் மேசையில்தான் முடிவாகிறது. அதற்கு முன் செய்கிற எல்லா ஏற்பாடும் வெட்டுவதற்கு நல்ல சரக்கைச் சேர்த்துத் தருவதற்காகவே. கீழே சொல்பவை அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. இப்படி எடுக்கும் ஆல்பத்தை ‘கல்ட் ஆல்பம்’ (சிறு கூட்டம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஆல்பம்) என்று அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் கேட்பவர்கள் பாடு. உறையில் நீங்களே அப்படி அச்சிட்டுக்கொள்ள வேண்டாம்.

இடமும் பருவமும்

சாளையைப் பார்க்கப் போகும்போது கைகளைத் தட்டிப் பாருங்கள். ஒலி சுவருக்குச் சுவர் மோதி, ‘டிர்ர்’ என்று நடுங்கித் திரும்பினால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையாவது மூடியாக வேண்டும் என்று பொருள். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் சமமாகவோ ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பாகவோ இருக்கும் அறை வேண்டாம். பேஸ் கித்தாரின் சில சுரங்கள் அங்கே வீங்கும், சில காணாமல் போகும். ஓட்டுக்கூரை நல்லது. தகரக்கூரை டிரம்ஸுடன் சேர்ந்து அதிரும், மழை வந்தால் பதிவே நடக்காது.

சுவரை மூடுவதற்குப் பவானி ஜமக்காளம் போல உதவும் பொருள் வேறில்லை. அதைச் சுவரோடு ஒட்டி ஆணியடிக்காமல், ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் சிம்பலின் கூச்சல் கணிசமாக அடங்கும். ஆனால் ஜமக்காளத்தால் கீழ் அலைவரிசைகளைப் பிடிக்க முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறத்தாழ மூன்றரை மீட்டர் என்பதால், அதை அடக்கக் கனமான, தடிமனான பொருள் தேவை. திருப்பூரில் எடைக்குக் கிடைக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை அறையின் மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கினால் அந்த வேலை நடக்கும். பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் மூட்டைகளைச் சுவிட்ச் போர்டுக்கு அருகே வைக்கக் கூடாது, உள்ளே யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கவும் கூடாது. நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது வெளிச்சத்தத்தைத் தடுப்பதும் இல்லை, கீழ் அலைகளை உறிஞ்சுவதும் இல்லை. தீ பிடித்தால் மட்டும் மிக நன்றாக எரியும். கேன் குழுவினர் பின்னாளில் வைலெர்ஸ்விஸ்ட் என்ற ஊரின் பழைய திரையரங்குக்குக் குடிபெயர்ந்தபோது சுவர்களில் தொங்கவிட்டவை ராணுவத்தின் பழைய மெத்தைகள். தத்துவம் அதேதான்: கனம், தடிமன், மலிவு.

பருவத்தைத் தேர்வு செய்வதில் நகரத்துக் குழுக்கள் ஏமாறுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே வேகத்தில் உங்கள் சாளையின் ஓட்டு இடுக்குகளிலும் ஊதும். மார்கழியில் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் நோம்பி, அதாவது கோயில் திருவிழா. ஒரு மைல் தொலைவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகூட இரவில் உங்கள் மைக்கில் தெளிவாக விழும். எஞ்சியவற்றில் எனக்குப் பிடித்தது புரட்டாசி. காற்று தணிந்திருக்கும், முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்களும் அமைதியாக இருக்கும், கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் மேளக்காரர்களுக்கும் ஓரளவு ஓய்வு கிடைக்கும். மாதத்தின் பிற்பாதியில் மழை இறங்கிவிடக் கூடும் என்பதால் முதல் பாதியிலேயே பெரும்பகுதியை முடித்துக்கொள்ள வேண்டும். சைவச் சாப்பாடு என்பதால் சமையல் செலவும் குறைவு என்று சொன்னால் டிரம்மர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

மின்சாரம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவிர்க்க முடியாதது. கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பிலிருந்து ஆம்ப்களுக்கு (கித்தாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளுக்கு) கம்பி இழுக்கக் கூடாது. அது சட்டத்துக்கும் புறம்பு, மோட்டார் ஓடும்போதெல்லாம் வோல்டேஜும் தள்ளாடும். வீட்டு இணைப்பிலிருந்து ஒரே ஒரு பிளக்பாயின்டைத் தேர்ந்தெடுத்து, ஆம்ப்கள், இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), மடிக்கணினி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே பிரித்துக் கொடுத்தால், எர்த் வேறுபாட்டால் வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெருமளவு குறையும். பழைய சாளைகளில் எர்த் கம்பி பெயருக்கு மட்டுமே இருக்கும். உள்ளூர் எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதித்த பிறகே கித்தாரைத் தொடுங்கள். எர்த் இல்லாத ஆம்பில் கித்தாரைப் பிடித்துக்கொண்டு, உதடு மைக்கில் படும்படி பாடுகிறவருக்கு விழும் அடி உயிரையே வாங்கக் கூடும். ரீங்காரம் போக வேண்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைப்பவர்களைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் அலை வகையைப் பயன்படுத்துங்கள். சதுர அலை இன்வெர்ட்டரின் இரைச்சல் எல்லா டிராக்கிலும் (ஒவ்வொரு மைக்குக்குமான தனிப்பதிவிலும்) ஏறிவிடும்.

விதி வைத்து வாசித்தல்

‘என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம்’ என்று தொடங்கும் ஜாம் (முன்திட்டமில்லாத கூட்டு வாசிப்பு), பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு புளூஸ் சுற்றில் போய் முடியும். சோதனை இசைக்குத் தேவை சுதந்திரம் என்பதைவிட நல்ல கட்டுப்பாடு என்றே சொல்வேன். டிரம்மர் இருபது நிமிடத்துக்கு ஒரே அடியை மாற்றாமல் வாசிக்க வேண்டும். கித்தாருக்கு இரண்டு சுரம் மட்டும். கீபோர்டுக்காரர் மற்றவர்கள் நிறுத்தும்போதுதான் நுழையலாம். இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விதியைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். கேன் குழுவின் டிரம்மர் யாக்கி லீபெட்ஸைட் ஃப்ரீ ஜாஸ் வாசித்து வந்தவர்; அதை விட்டுவிட்டு, ஒரே சுழற்சியைச் சலிக்காமல் காப்பதைத் தன் பாணியாக்கிக்கொண்ட பிறகுதான் அந்தக் குழுவின் முகமே தெளிந்தது. அவருடைய நிலைத்த தாளம் இருந்ததால்தான் ஒலிப்பதிவையும் பார்த்துக்கொண்ட பேஸ் கலைஞர் ஹோல்கர் சூக்காய், அரை மணி நேரத்துக்கு நீண்ட பதிவின் இரு வேறு இடங்களை வெட்டி ஒட்ட முடிந்தது.

இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. கேப்டன் பீஃப்ஹார்ட்டின் குழு 1969-இல் வெளியான ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’வுக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புறப்பகுதியில் ஒரு வாடகை வீட்டில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து ஒத்திகை பார்த்தது. தலைவர் பியானோவில் தட்டியதை டிரம்மர் ஜான் ஃபிரெஞ்ச் எழுதி, பிரித்து, மற்றவர்களுக்குப் பாடமாக்கினார். ஆகவே ஸ்டுடியோவில் வாத்தியப் பகுதிகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பதிவாகிவிட்டன. கேட்பதற்குத் தாறுமாறாகத் தோன்றும் அந்த இசை முழுவதும் மனப்பாடம். உங்கள் குழுவில் அவ்வளவு பொறுமை இருந்தால் அந்த வழியில் போகலாம்; அந்த வீட்டில் நிலவிய பசியையும் அடக்குமுறையையும் உறுப்பினர்களே பிற்காலத்தில் பேசியிருக்கிறார்கள், அதைப் பின்பற்றாதீர்கள்.

பதிவு

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு டிராக் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் பிடிக்கும். எட்டு டிராக் நான்கு மணி நேரம் ஓடினால் 17 ஜிகாபைட் கூட ஆகாது. ஆகவே காலையில் பதிவை அழுத்தினால் சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவே வேண்டாம். ஒரு வாத்தியத்தை ட்யூன் செய்யும்போதும், டீ வந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதும், யாரோ சும்மா தட்டிப் பார்க்கும்போதும் வருகிற ஒலிகளில்தான் விதி வைத்து வாசித்ததில் கிடைக்காத சில கணங்கள் இருக்கும். சூக்காய், குழுவினர் இடைவேளை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தையும் டேப்பில் பிடித்து வைத்தவர். அறையின் நடுவே ஒரு மைக் எப்போதும் திறந்தே இருக்கட்டும். நினைவுக்காக அரை மணிக்கு ஒரு முறை, கித்தாரின் திறந்த கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பதிவு செய்யுங்கள். வெயில் ஏற ஏறச் சுருதி எவ்வளவு நகர்ந்தது என்பது வெட்டும்போது தெரிந்திருக்க வேண்டும்.

டிரம்ஸுக்கு எட்டு மைக் வைக்க ஆசைப்படாதீர்கள். மேலே இரண்டு, கிக் டிரம்முக்கு ஒன்று போதும். மேலிருக்கும் இரண்டும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்பதை ஒரு கயிற்றால் அளந்து வைத்தால் ஸ்னேர் நடுவில் உறுதியாக நிற்கும். அளவை உச்சத்திலும் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் டிரம்மர் எப்படியும் கூடுதல் பலத்துடன் அடிப்பார். ஹெட்போன் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே அறையில் வாசியுங்கள். ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி கசிந்து வருவது இந்த வகை ஆல்பத்தில் குறையே அல்ல. அந்தக் கசிவுதான் கேட்பவரைச் சாளைக்குள் உட்கார வைக்கிறது.

தறியும் கிணறும்

சோமனூர், பல்லடம், சங்ககிரி, குமாரபாளையம் என்று எங்கே போனாலும் விசைத்தறி உண்டு. ஊடை நூலைச் சுமந்து இப்படியும் அப்படியும் பாயும் நாடா கொண்ட சாதாரண நாடாத் தறி பெரும்பாலும் நிமிடத்துக்கு 100-க்கும் 160-க்கும் இடைப்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதாவது, ராக் தாளத்தின் வேகம்தான். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதே இதில் முக்கியம். ஒன்று 132, மற்றொன்று 134 என்று வைத்துக்கொண்டால், இரண்டு அடிகளும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து, மெல்ல விலகி, ஒன்றுக்கொன்று நடுவில் விழுந்து, மீண்டும் ஒன்றுசேரும். எந்த நிரலும் எழுதாமல் கிடைக்கும் இந்தத் தாள விலகலின் மேல் டிரம்மர் ஒரு தறியை மட்டும் பிடித்துக்கொண்டு வாசித்தால், பேஸ் கித்தார் மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம்.

பதிவுக்கு இரண்டு தறிகளுக்கு நடுவே தலை உயரத்தில் ஒரு மைக், தறியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டிய, அதிர்வை மின்சாரமாக்கும் பியெசோ தட்டு ஒன்று, அவ்வளவே போதும். எலக்ட்ரானிக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பித்தளைத் தட்டை இன்டர்ஃபேஸின் கித்தார் துளையில்தான் செருக வேண்டும். சாதாரண லைன் துளையில் செருகினால் அடிக்கனம் முழுவதும் போய்த் தகரச் சத்தம் மட்டும் மிஞ்சும். மைக்கில் கேட்பது கூடத்தின் இரைச்சல். பியெசோவில் கேட்பது வேறொரு உலகம். நாடா ஒரு பெட்டியிலிருந்து பாய்ந்து எதிர்ப்பெட்டியில் மோதும் ‘டக்’, அதற்குச் சற்றுப் பின்னால் அச்சு ஊடையை இடிக்கும் கனத்த ‘தொம்’, இடையில் பல்சக்கரங்களின் அரைப்பு, தார் (நாடாவுக்குள் இருக்கும் நூல்கண்டு) தீர்ந்து தறி நிற்கும்போது பெல்ட் வழுக்கி அடங்கும் பெருமூச்சு என ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். காதடைப்பான் இல்லாமல் உள்ளே நிற்காதீர்கள். “ஏஞ்சாமி, இந்தச் சத்தத்தப் புடிச்சுட்டுப் போயி என்ன பண்ணுவீங்கோ?” என்று தறிக்காரர் கேட்பார், சொல்லிப் புரியவைப்பதைவிட ஹெட்போனை அவர் காதில் மாட்டுவதே நல்ல பதில். உங்களுக்காகத் தறியை நிறுத்தி ஓட்டினால், அந்த நேரத்துக்கான கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

கொங்குத் தோட்டத்துக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை, பாறையை வெட்டிச் செய்தவை. எதிரொலிக் கூடமாகப் பயன்படுத்த இதைவிடச் சிறந்த கட்டடம் கிடைக்காது. ஒரு சிறு ஸ்பீக்கரைக் கயிறு கட்டிக் கிணற்று வாயிலிருந்து கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பதிவு செய்த கித்தாரையோ குரலையோ அதன் வழியே ஒலிக்கவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டித் தொங்கும் மைக்கில் திரும்பப் பிடியுங்கள். நீர்மட்டம் 12 மீட்டர் கீழே இருந்தால் முதல் எதிரொலி ஏறத்தாழ 0.07 நொடியில் திரும்பும். பாறைச் சுவர்கள் அதைப் பல துண்டாக்கி நீட்டும். கோடையில் நீர் இறங்கியதும் அதே கிணறு வேறு கிணறாகிவிடும். பகலில் புறாக்கள் படபடக்கும், இரவில் தவளை. எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். மைக்கோ ஸ்பீக்கரோ விழுந்தாலும் யாரும் பழைய கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. அடியில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் இறந்தவர்கள் பலர்.

மேளக்காரர்களை அழைப்பதானால்

ஜமாப், பம்பை, உடுக்கை வாசிப்பவர்களை ஆல்பத்தில் சேர்க்க விரும்பும் குழுக்கள் பெரும்பாலும் செய்வது, முடிந்துபோன ராக் பாட்டின் நடுவே எட்டு அடிக்கு அவர்களை வாசிக்கச் சொல்லி, இலையோரத்து ஊறுகாயாக வைத்துவிடுவது. அதற்கு அவர்களை அழைக்காமலே இருக்கலாம். அண்ணன்மார் கதையை உடுக்கையுடன் இரவு இரவாகப் பாடிய மரபு இந்த மண்ணில் இருக்கிறது. 1965-இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் அந்தக் கதைப் பாடலைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். மணிக்கணக்கில் தளராமல் வாசிப்பது, ஒரே அடியை வைத்துக்கொண்டே வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றுவது ஆகியவற்றில் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே அவர்களை முதலில் வாசிக்கவிட்டு, கித்தாரும் பேஸும் அவர்களைப் பின்தொடரட்டும். களத்தில், திறந்த வெளியில், மூன்று மீட்டர் தூரத்தில் இரண்டு மைக் வையுங்கள். தோலைத் தீயில் காட்டிச் சுருதி ஏற்றும் நேரத்தையும் பதிவு செய்யலாம். சம்பளத்தை முன்பே பேசி, வாசித்த அன்றே கொடுத்துவிடுங்கள். பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்று அவர்களிடமே எழுதி வாங்குங்கள்.

வெட்டுதல்

பதிவு முடிந்ததும் சில வாரங்கள் எதையும் கேட்காதீர்கள். வாசித்த களிப்பு மறைந்த பிறகே எது நன்றாக இருக்கிறது என்பது காதுக்குத் தெரியும். பிறகு கணினித் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். அலைக்கோட்டைப் பார்த்தால் உரத்த இடத்தையே கண் தேடும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரு நோட்டில் நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறித்துக்கொண்டு கேட்ட பின், நோட்டுகளை ஒப்பிடுங்கள். எல்லோரும் குறித்த இடங்கள் எப்படியும் ஆல்பத்தில் வரும். ஒருவர் மட்டும் அழுத்திக் கோடிட்ட இடம்தான் உங்கள் விவாதத்துக்கு உரியது. அப்படிப்பட்ட ஓரிரண்டாவது உள்ளே வரவில்லை என்றால் ஆல்பம் எல்லோருக்கும் ஒத்துப்போன, சாரமற்ற ஒன்றாக முடியும். ‘டாகோ மாகோ’ இரட்டை ஆல்பமானதற்கே, குழுவின் நிர்வாகத்தைக் கவனித்த ஹில்டெகார்ட் ஷ்மிட், விசித்திரமான நீண்ட பகுதிகளையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றது காரணம்.

நன்றாக வாசித்தோம் என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது ஒன்று திரும்புகிற இடத்தைத் தேடுங்கள்: டிரம்மர் தவறி ஓர் அடியை விட்டதும் பேஸ் தயங்கிய இடம், ஆம்ப் கத்தியதும் எல்லோரும் அதன் சுருதிக்கு நகர்ந்த இடம். 1988-இல் வெளியான ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ ஆல்பத்தை எடுத்த டாக் டாக் குழு, வெளியிலிருந்து பல கலைஞர்களை அழைத்து, மங்கிய வெளிச்சத்தில் தோன்றியதை வாசிக்க வைத்து, அதில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சில நொடித் துண்டுகளை வைத்தே பாடல்களைக் கட்டியது. கேட்கும்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது போலவே இருக்கிறது.

கைவேலை என்று பார்த்தால், டிரம் அடிக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். அடியின் மேல் வெட்டினால் அதன் முனை மழுங்கும். அடிகளுக்கு இடையே ஒரு துண்டு மறைந்து அடுத்தது எழும் மாற்றத்துக்கு 5 முதல் 10 மில்லிநொடி போதும். நீண்டு ஒலிக்கும் கித்தார் மட்டும் இருக்கும் இடங்களில் இரண்டு, மூன்று நொடிகூட ஆகலாம். தாள வேகம் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் வாசித்ததால் நான்காம் நிமிடத்தின் வேகமும் பதினேழாம் நிமிடத்தின் வேகமும் ஒன்றாக இருக்காது. மென்பொருளால் இழுத்துச் சமன் செய்யாதீர்கள், சிம்பல் ஒலி நீரில் நனைந்தது போலாகிவிடும். வேக வேறுபாட்டை மறைக்க விரும்பினால் இடையில் அறையின் வெற்றொலியையோ தறியையோ வையுங்கள். மறைக்க விரும்பாவிட்டால் அடியின் தவறான இடத்திலேயே வெட்டி, கேட்பவர் தடுமாறும்படி விடுங்கள். அப்படிச் செய்தால் அது வேண்டுமென்றே செய்தது என்பது தெரியும்படி ஆல்பத்தில் இன்னொரு இடத்திலும் செய்ய வேண்டும்.

லூப்பை (திரும்பத் திரும்பச் சுழலும் ஒலித்துண்டை) வைத்து ஒரு முழுப் பகுதியைக் கட்ட விரும்புவோர் திஸ் ஹீட் குழுவின் முதல் ஆல்பத்திலுள்ள ‘24 டிராக் லூப்’பைக் கவனிக்க வேண்டும். 24 டிராக் டேப்பையே ஒரு வளையமாக ஒட்டி ஓடவிட்டு, எந்த டிராக் எப்போது கேட்க வேண்டும் என்பதை மிக்சரின் முன் நின்று தீர்மானித்த வேலை அது. இன்று அதைச் செய்ய, எட்டுத் தாள அடி நீளத் துண்டுகளை இருபது டிராக்குகளில் சுழலவிட்டு, மவுஸால் வரையாமல், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை நான்கு பேர் கையில் கொடுத்து ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள். பத்து நிமிடம் ஓடினால் அதில் நான்கு நிமிடம் தேறும்.

பணம் பாதியில் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. டுசெல்டார்ஃபின் ‘Neu!’ குழுவினரான கிளவுஸ் டிங்கரும் மிகாயேல் ரோத்தரும் 1973-இல் வெளியான தங்கள் இரண்டாவது ஆல்பத்தின் ஒரு பக்கம் முடிந்ததும் கையிலிருந்த காசு தீர்ந்துவிட, முன்பே வெளியிட்டிருந்த சிங்கிளின் (சிறு இசைத்தட்டின்) இரு பாடல்களை நிமிடத்துக்கு 16, 78 சுழற்சி வேகங்களில் ஓட்டியும் சிதைத்தும் மறுபக்கத்தை நிரப்பினார்கள். அன்று பலர் அதை ஏமாற்று வேலை என்றார்கள். இருக்கும் துண்டுகளைப் பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்பதற்குச் செலவே கிடையாது, செய்து பாருங்கள். தறியின் ஒலி பாதி வேகத்தில் மிக நன்றாக இருக்கும்.

மொத்த நீளம் 40 நிமிடத்தை ஒட்டி, பக்கத்துக்கு 20 நிமிடமாக இருந்தால் பின்னாளில் இசைத்தட்டு அச்சிட வசதி வரும்போது ஒலித்தரம் கெடாது. மாஸ்டரிங்கை, அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலையை, வேறொருவரிடம் கொடுங்கள். பல இணையத் தளங்கள் ஒலி அளவைக் கழித்தல் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு) அளவை ஒட்டிச் சமன் செய்துவிடுவதால், அதைவிட உரக்க நசுக்குவதில் பயன் எதுவும் இல்லை.

பெயரும் உரிமையும்

‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’வின் முதல் பதிப்பில், அந்த இசையை எழுதிப் பிரித்துக் கொடுத்த ஜான் ஃபிரெஞ்சின் பெயரே இல்லை. நண்பர்களாகச் சேர்ந்து தொடங்கும் குழுக்களில் இது எளிதாக நடக்கும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர், பதிவுக்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்ற தயாரிப்பாளர், வாசித்தவர் அல்ல. ஆகவே சாளையின் உரிமையாளர் பணம் போட்டாரா, குழுவே போட்டதா, இசையமைப்பு யார் பெயரில், மேளக்காரர்களின் பங்கு என்ன என்பதையெல்லாம் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வெட்டாத மூலப் பதிவுகளை இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

வெளியிடும்போது, 18 நிமிடப் பகுதியை நான்காக உடைத்தால் அதிக முறை கேட்பார்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் 30 நொடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு, ஆகவே நீண்ட பகுதிக்கும் குறுகிய பாட்டுக்கும் ஒரே தொகைதான் வரும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொகையால் உங்கள் எர்த் கம்பிச் செலவுகூடத் திரும்பப் போவதில்லை. உடைக்காமல் முழுதாகப் போடுங்கள். ஆல்பத்தை முழுமையாக விலைக்கு விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற தளத்தை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். தறிக்காரருக்கும் மேளக்காரர்களுக்கும், வண்டியிலும் பட்டறையிலும் ஓட்டிக் கேட்கும்படி, பென்டிரைவில் ஒரு பிரதியை வெளியீட்டுக்கு முந்தைய வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.